சொல்லும் அதன் சுற்றமும்

என் பேத்தி ஐந்தாம் வகுப்பில் படிக்கிறாள். அமராவதிநகரில் உள்ள சைனிக் பள்ளியில் ஆறாம் வகுப்பிற் சேர வேண்டும் என்பது அவள் விருப்பம். உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, அமராவதி அணையின் அருகில், 1962ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பள்ளி அது. நெடுங்காலம் ஆண்பிள்ளைகளுக்கே உரியதாக இருந்த அப்பள்ளி இப்போது பெண்பிள்ளைகளையும் ஏற்றுக்கொள்கிறது. அதிற் சேர்வதற்கு நாடு முழுமைக்கும் பொதுவான நுழைவுத் தேர்வு ஒன்று உண்டு. கணக்கு, அறிவுத்திறன், பொது அறிவு ஆகியவற்றோடு மொழியறிவையும் அத்தேர்வு அளந்து பார்க்கிறது. தமிழிலேயே அதனை எழுதலாம்.

சென்ற மாதம் ஒரு மாலை வேளையில் அவள் ஒரு குறிப்பேட்டை என் கையிற் கொடுத்து, "தாத்தா, என்னைக் கேள்வி கேளுங்கள்" என்றாள். ஏட்டைத் திறந்தேன். பக்கம் பக்கமாக வினைச்சொற்கள். உண், தின், பருகு, அருந்து, அயில் ஆகியவை ஒரு வரிசை. தா, ஈ, கொடு, அளி, வழங்கு ஆகியவை ஒரு வரிசை. கொய், பறி, அறு, அரி ஆகியவை மற்றொரு வரிசை. ஒவ்வொரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில், கணக்கில் இடுவது போல, சமக்குறி இட்டிருந்தாள். நான் ஒரு சொல்லைச் சொன்னால் அவள் ஐந்து சொற்களை மூச்சு விடாமல் ஒப்பித்தாள்.

"நன்று, இனி ஒவ்வொரு சொல்லையும் வைத்து ஒரு வாக்கியம் எழுது" என்றேன். எழுதினாள். "குழந்தை பாலைத் தின்றது" என்பது முதல் வாக்கியம். "தங்கை மல்லிகைப் பூவை அறுத்தாள்" என்பது அடுத்தது. "அம்மா மோதிரத்தைச் சூடினாள்" என்பது மூன்றாவது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முகம் வாடியது. "பொருள் ஒன்றுதானே, தாத்தா? ஒன்றுதான் என்றால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை எழுதினால் என்ன தவறு?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. விடை சொல்லத் தொடங்கி, ஏட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அங்கே, இற, மாய், மடி, துஞ்சு என்று ஒரு வரிசை இருந்தது. துஞ்சு என்னும் அந்தக் கடைசிச் சொல்லைக் கண்டதும் என் சிரிப்பு அடங்கிவிட்டது. அதன் காரணத்தைச் சற்றுப் பின்னர்ச் சொல்லுகிறேன். முதலில் குழந்தையின் கேள்விக்கு விடை காண்போம்.

ஒரு பொருள் தரும் பல சொற்களைத் தொகுத்து மனப்பாடம் செய்வது நமக்குப் புதிய வழக்கம் அன்று. நம் முன்னோர் அதற்கென்றே நிகண்டு என்னும் நூல்வகையைப் படைத்தார்கள். சேந்தன் திவாகரம் என்னும் பழைய நிகண்டு பன்னிரண்டு தொகுதிகளை உடையது. தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று ஒவ்வொன்றின் பெயர்களையும் தொகுத்துச் சொல்லும் அந்நூல், செயல்களுக்கு ஒரு தொகுதியையும் ஒலிகளுக்கு ஒரு தொகுதியையும் தனியே ஒதுக்கியிருக்கிறது. பின்னர்த் தோன்றிய சூடாமணி நிகண்டு திண்ணைப் பள்ளிகளில் சிறுவர்களின் நாவில் நடமாடியது. ஆகவே மனப்பாடத்தை நான் குறை சொல்ல வரவில்லை. சொல் கையிருப்பில் இருந்தால்தான் வேண்டும்போது எடுத்து ஆள முடியும். ஆனால் அக்காலத்து மாணவன் நிகண்டோடு நின்றுவிடவில்லை. இலக்கணமும் இலக்கியமும் கற்றான். நிகண்டு சொற்களை ஒரு கூரையின்கீழ்க் கொண்டுவந்து சேர்த்தது. இலக்கணமோ அவற்றுள் யார் அண்ணன், யார் தம்பி, யார் விருந்தினர் என்று அடையாளம் காட்டிற்று.

தொல்காப்பியர் இதனை எவ்வளவு நுட்பமாகப் பார்த்திருக்கிறார் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களும் ஒன்றை வேண்டிக் கேட்கும்போது பயன்படுவன. ஆயினும் தாழ்ந்த நிலையில் உள்ளவன் உயர்ந்தவனிடம் கேட்கும் சொல் 'ஈ'. ஒத்த நிலையினர் தம்முள் கேட்கும் சொல் 'தா'. உயர்ந்தவன் தனக்குக் கீழ்ப்பட்டவனிடம் கேட்கும் சொல் 'கொடு'. கேட்கப்படும் பொருள் ஒன்றுதான். நீட்டப்படும் கை ஒன்றுதான். ஆனால் கேட்பவன் எங்கே நிற்கிறான் என்பதைச் சொல்லே காட்டிவிடுகிறது. இன்று நாம் அந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் விட்டுவிட்டோம். 'தாருங்கள்', 'கொடுங்கள்' என்று ஈற்றிலே மரியாதையைச் சேர்த்துக்கொள்கிறோம்.

அவர் காட்டும் மற்றொரு வேறுபாடும் உண்டு. தருதல் என்பது எனக்கும் உனக்கும் உரியது. கொடுத்தல் என்பது அயலான் ஒருவனுக்கு உரியது. 'எனக்குத் தந்தான்', 'உனக்குத் தருவேன்', 'அவனுக்குக் கொடுத்தான்' என்பது பழைய முறை. நம் பேச்சில் இந்த எல்லை மங்கிவிட்டது. ஆனால் மலையாளத்தில் இன்றும் அது மங்கவில்லை. மலையாளம் பேசும் ஒரு சிறு குழந்தைகூடத் தனக்கு வேண்டும் என்றால் ஒரு வினையையும், பிறனுக்கு என்றால் மற்றொரு வினையையும் தடுமாறாமல் சொல்லும்.

இனி உணவுக்கு வருவோம். சோற்றை உண்கிறோம், முறுக்கைத் தின்கிறோம், பாலைப் பருகுகிறோம், தேனை நக்குகிறோம். பல்லுக்கு வேலை மிகுதியாக இருந்தால் தின்னுதல். வேலை இல்லாமல் நீர்ப்பொருளாக உள்ளே சென்றால் பருகுதல். சோறும் கறியும் பாலும் தேனும் பலகாரமும் ஆகிய எல்லாம் சேர்ந்த விருந்தை என்ன சொல்வது? அப்போது ஒரு பிரிவுக்கு மட்டும் உரிய வினையைச் சொல்லலாகாது என்பது இலக்கணம். 'அடிசில் தின்றார்' என்றால் பருகியது விட்டுப்போகும். 'அடிசில் பருகினார்' என்றால் தின்றது விட்டுப்போகும். ஆகவே 'அயின்றார்', 'மிசைந்தார்' என்று எல்லாவற்றுக்கும் பொதுவான வினையைச் சொல்ல வேண்டும் என்று உரையாசிரியர்கள் விளக்குவார்கள்.

அணிகலனுக்கும் இதே முறைதான். மலரைச் சூடுகிறோம், ஆரத்தைப் பூணுகிறோம், கச்சையைக் கட்டுகிறோம், முடியைக் கவிக்கிறோம், மோதிரத்தை விரலிற் செறிக்கிறோம். எல்லாவற்றுக்கும் பொதுவாக 'அணிந்தாள்' என்று சொல்லலாம். என் பேத்தியின் தாய் மோதிரத்தை அணியலாம், இடலாம். சூடுவதற்கு அது மலர் அன்று.

இவ்வேறுபாடுகள் புலவர்கள் அறையில் அமர்ந்து செய்த கற்பனை என்று எண்ணிவிடாதீர்கள். எழுத்தறியாத உழவரும் இவற்றைப் பிறழாமல் ஆள்கிறார்கள். அவர் கதிரை அறுப்பார், களையைப் பறிப்பார், கீரையைக் கிள்ளுவார், மரத்தை வெட்டுவார், கிளையை ஒடிப்பார், கிழங்கை அகழ்ந்து எடுப்பார். நெல்லைத் தூற்றுவார், வீட்டிலுள்ள அம்மையார் அதே நெல்லைக் குற்றுவார், அரிசியைப் புடைப்பார், களைவார், சோற்றை வடிப்பார். குயவர் பானையை வனைவார். கூடை செய்பவர் கூடையை முடைவார். நெசவாளர் ஆடையை நெய்வார். கொத்தனார் சுவரை எழுப்புவார். எல்லாம் 'செய்தல்'தான். ஆனால் 'பானையைச் செய்தார்' என்று சொல்லும்போது சக்கரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. 'வனைந்தார்' என்று சொல்லிப் பாருங்கள். சக்கரம் சுழல்கிறது, மண் கைக்குள் எழுகிறது. வினைச்சொல் என்பது ஒரு தொழிலின் பெயர் மட்டும் அன்று. தொழிலைச் செய்யும் கையின் படமும் ஆகும்.

பேசுவதைக் குறிக்கும் வினைகளைப் பாருங்கள். சொல், கூறு, உரை, மொழி, செப்பு, இயம்பு, விளம்பு, பகர், அறை, நவில், கழறு என்று ஒரு பெரிய குடும்பம். இவற்றுள் கழறுதல் இடித்துச் சொல்லுதல். தவறு செய்த நண்பனை நல்வழிப்படுத்தக் கடிந்துரைப்பது அது. நவிலுதல் பலகாற் சொல்லிப் பழகுதலையும் குறிக்கும். அறைதலில் பறையின் ஓசை கேட்கிறது; ஊரறியச் சொல்லுவது அது; கன்னத்தில் விழுவதும் அதுவே. பகர்தல் சொல்லுதலையும் குறிக்கும், விற்றலையும் குறிக்கும். விளம்புதல் நூலிலே சொல்லுதல். நாஞ்சில் நாட்டுப் பந்தியிலோ இலையிற் சோறு பரிமாறுதல். ஒரு சொல் ஒரு குடும்பத்தோடு மட்டும் உறவு கொண்டிருப்பதில்லை என்பது இதனால் விளங்கும். இரண்டு வீட்டுப் பிள்ளையாக வாழும் சொற்கள் பல உண்டு. அத்தகைய சொல்லிடத்தில்தான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும்.

இனி, துஞ்சு என்னும் சொல்லுக்கு வருகிறேன்.

1957ஆம் ஆண்டில் எனக்கு வயது பத்து. அக்காலத்தில் தொடக்கப்பள்ளியை முடித்து உயர்நிலைப் பள்ளியில் முதல் பாரத்திற் சேர்வதற்குப் பள்ளிகள் தாமே ஒரு தேர்வு வைப்பது உண்டு. அத்தேர்வுக்காக நானும் இப்படி ஒரு ஏடு வைத்திருந்தேன். ஒரு பொருட் சொற்களை ஒப்பிப்பதில் எங்கள் வகுப்பில் நானே முதல்வன். அந்தச் செருக்கும் எனக்கு இருந்தது.

என் தாயின் தந்தை அப்போது எங்கள் வீட்டில் நோயுற்றிருந்தார். ஈளை நோய். படுத்தால் மூச்சு முட்டும். ஆகவே இரவெல்லாம் சுவரிற் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருப்பார். அவருடைய ஒரே மகன், என் மாமா, கோயம்புத்தூரில் ஒரு நூல் ஆலையில் வேலை பார்த்துவந்தார். பொங்கலுக்கு வந்து திரும்பும்போது என்னை அழைத்து, "மருமகனே, வாரம் ஒரு கடிதம் எழுது. தாத்தா இராத்திரியில் தூங்குகிறாரா என்பதை மட்டும் தவறாமல் எழுது" என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. வாரந்தோறும் "தாத்தா தூங்கவில்லை" என்று எழுதி அஞ்சலட்டையைப் பெட்டியில் இட்டுவந்தேன்.

பங்குனி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை இரவு தாத்தா இறந்துபோனார். அழுத கண்ணோடு என் தாய், "அப்பா போய்விட்டார் என்று மாமாவுக்கு எழுது" என்றார். தந்தை இறந்த செய்தி கேட்ட மகனை வா என்று தனியே அழைக்கவும் வேண்டுமோ? ஆகவே வேறு ஒன்றும் சொல்லவில்லை. நான் அட்டையை எடுத்தேன். 'போய்விட்டார்' என்பது எனக்கு எளிய சொல்லாகத் தோன்றிற்று. ஏட்டிலிருந்த வரிசை நினைவுக்கு வந்தது. அவற்றுள் உயர்ந்ததாக எனக்குத் தோன்றிய சொல்லை எடுத்து, "தாத்தா வியாழக்கிழமை இரவு அமைதியாகத் துஞ்சினார்" என்று அழகாக எழுதி அனுப்பினேன்.

அடக்கத்துக்கு மாமா வந்து சேர இயலாது என்பதை எல்லாரும் அறிந்திருந்தார்கள். தாத்தாவின் தம்பி மகன் கொள்ளி வைத்தார். ஆனால் பதினாறாம் நாளன்று எல்லாரும் மாமாவுக்காகக் காத்திருந்தார்கள். நண்பகற் பேருந்து வந்தது, அவர் வரவில்லை. மாலைப் பேருந்தும் வந்தது, அவர் வரவில்லை. பெற்ற தந்தையின் காரியத்துக்கு வராத மகன் என்று ஊரார் பேசினார்கள். என் தாய் யாரிடமும் பேசவில்லை.

மாதம் ஒன்று முடிவதற்கு முன் ஒரு நாள் காலையில் மாமா வந்தார். முகம் மலர்ந்து வந்தார். அவர் கக்கத்தில் ஒரு புதிய இலவம்பஞ்சுத் தலையணை இருந்தது. தாத்தா இப்போது படுத்து உறங்குகிறார் அல்லவா? அவருக்காக வாங்கி வந்திருந்தார்.

அந்த அட்டையை அவர் சட்டைப் பையில் வைத்திருந்தார். துஞ்சினார் என்பதன் பொருள் அவருக்குத் தெரியவில்லை. உடன் தங்கியிருந்த, சிறிது படித்த நண்பர் ஒருவரைக் கேட்டிருக்கிறார். அவர், "துஞ்சுதல் என்றால் தூங்குதல்" என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதில் தவறு இல்லை. இரண்டு மாதமாகத் தூங்காத தந்தை அமைதியாகத் தூங்கினார் என்று கேட்டு என் மாமா மகிழ்ந்திருக்கிறார்.

அன்று மாமா என்னை அடிக்கவில்லை. ஒரு சொல்லும் சொல்லவில்லை. தலையணையை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். என் தாய்தான் கேட்டார்: "போய்விட்டார் என்று எழுத உனக்குத் தெரியாதா?"

வைகாசி கழிந்து நான் முதல் பாரத் தேர்வு எழுதினேன், தேறினேன். அந்தச் சொல் அத்தேர்வில் வரவேயில்லை.

பிற்காலத்தில் தமிழாசிரியனான பிறகு அச்சொல்லை நூல்களில் தேடித் தேடிப் பார்த்தேன். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி அதற்கு உறங்குதல், சோர்தல், தங்குதல், இறத்தல் எனப் பல பொருள்களைத் தருகிறது. வள்ளுவர் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் அதனை உறங்குதல் என்னும் பொருளிலேயே ஆள்கிறார். ஆனால் சங்க காலத்துக் கிள்ளிவளவனைக் குளமுற்றத்துத் துஞ்சியவன் என்று சொல்லும்போது, அவன் குளமுற்றத்தில் உறங்கினான் என்பது பொருள் அன்று. அங்கே இறந்தான் என்பது பொருள். ஒரே பெயருடைய மன்னர் பலர் இருந்தமையால், இறந்த இடத்தைச் சொல்லி அவர்களை வேறுபடுத்தினார்கள். இராசராசனுடைய தந்தையாகிய சுந்தர சோழரையும் பொன்மாளிகைத் துஞ்சினவர் என்றே கல்வெட்டுகள் குறிக்கின்றன. இறப்பை இறப்பு என்று சொல்ல மனம் வராமல், நெடிய உறக்கமாக மொழி மறைத்துச் சொன்ன வழக்கு அது. மன்னனுடைய பெயரோடு அடைமொழியாக வரும்போது அதில் மயக்கம் இல்லை. உறக்கத்துக்கு ஏங்கிய நோயாளியின் வீட்டிலிருந்து போன அட்டையிலே மயக்கத்தைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

'போய்விட்டார்' என்பதும் மறைத்துச் சொல்லும் சொல்தானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மை. ஆனால் நோயாளி இருந்த வீட்டிலிருந்து வந்தால் அதனை எவரும் பிறழ உணரார். ஒரு சொல்லின் பொருளில் ஒரு பாதி அச்சொல்லில் இருக்கிறது; மறு பாதி அதன் சுற்றத்தில் இருக்கிறது. யார் சொல்கிறார், யாருக்குச் சொல்கிறார், எதைப் பற்றிச் சொல்கிறார் என்பவை எல்லாம் அந்தச் சுற்றம்.

ஆகவே, நுழைவுத் தேர்வுக்குப் பயிலும் மாணவர்களுக்கு மூன்று கருத்துகளைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, வினையைத் தனியே படிக்காதீர்கள். அதனோடு வழக்கமாக வரும் பெயரையும் சேர்த்துப் படியுங்கள். 'கொய்' என்று எழுதாமல் 'பூக்கொய்' என்று எழுதுங்கள். 'முடை' என்று எழுதாமல் 'கூடை முடை' என்று எழுதுங்கள். இரண்டு சொல்லாகப் படிப்பதால் சுமை கூடாது, நினைவு எளிதாகும்.

இரண்டாவது, தேர்வில் ஒரு சொல்லுக்கு நிகரான சொல்லைக் கேட்டு, நான்கு விடைகளைக் கொடுத்திருந்தால், அவசரப்படாமல் ஒவ்வொன்றையும் அந்த வாக்கியத்திலேயே வைத்துப் பாருங்கள். 'ஆசிரியர் மாணவனைக் கழறினார்' என்பதில் கழறுதலுக்கு இணை எது? கூறுதல், கடிதல், பாடுதல், அழைத்தல் என்று நான்கு இருந்தால், அகராதி நினைவு உங்களைக் கூறுதலிடம் இழுத்துச் செல்லும். வாக்கியமோ கடிதலைக் காட்டும். 'மாணவனைக் கூறினார்' என்று நாம் சொல்வதில்லை அல்லவா?

மூன்றாவது, இரண்டு வீட்டுப் பிள்ளைகளான சொற்களுக்குத் தனியே ஒரு பக்கம் ஒதுக்குங்கள். துஞ்சு, மடி, அறை, பகர், விளம்பு போன்ற சொற்களை அங்கே எழுதி, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வாக்கியம் அமையுங்கள். தூங்கு என்பதையும் அங்கே சேர்க்கலாம். பழந்தமிழில் அதற்குத் தொங்குதல், ஊசலாடுதல் என்பது பொருள். வானிலே தொங்கிய மதிலை அழித்தான் என்று ஒரு சோழனைத் தூங்கெயில் எறிந்தவன் எனப் புகழ்வர். மரக்கிளையில் தொங்கும் கூட்டைக் கட்டும் தூக்கணாங்குருவியின் பெயரில் அப்பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது.

என் பேத்திக்கு நான் இந்தக் கதையைச் சொன்னேன். அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு ஏட்டை எடுத்து, சமக்குறிகளை ஒவ்வொன்றாக அழித்தாள். அந்த இடங்களில் ஒரு சிறு கோடு மட்டும் இட்டாள். "இவை உறவு மட்டும்தான், தாத்தா, ஒன்று அல்ல" என்றாள். 'துஞ்சு' என்ற சொல்லுக்கு எதிரில் அவள் இரண்டு வாக்கியங்கள் எழுதினாள். முதல் வாக்கியத்தில் ஒரு குழந்தை தொட்டிலில் துஞ்சியது. இரண்டாவதில் ஒரு சோழ மன்னன் பொன்மாளிகையில் துஞ்சினான். இரண்டும் சரியாக இருந்தன. அதன் கீழே மூன்றாவதாக ஒரு வாக்கியமும் எழுதியிருந்தாள்: "கடிதத்தில் எழுதும்போது படிப்பவருக்குத் தெரிந்த சொல்லை எழுத வேண்டும்."

அத்தேர்வில் அவள் எத்தனை மதிப்பெண் பெறுவாள் என்பது இனித்தான் தெரியும். நீங்களும் பல தேர்வுகளை எழுதப் போகிறீர்கள். சொற்களை நிறையச் சேருங்கள். சேர்த்த சொற்களை அவற்றின் சுற்றத்தோடு அறிந்துகொள்ளுங்கள். கேட்பவர் இன்னார் என்று எண்ணிப் பார்த்து அவற்றை வழங்குங்கள்.